எக்ஸ்ரே அறைக்கு மகளை அனுப்பலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வரும் கடிதங்களில் பாதி ஒரே ரகம். நீட் கைவிட்டுவிட்டது, ஆஸ்பத்திரி ஆசை விடவில்லை, என்ன படிக்கலாம்? முப்பது வருடம் அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் நின்றவன் என்பதால் பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. ‘ஏதாவது பாராமெடிக்கலில் போட்டுவிடு, எதில் ஸ்கோப் இருக்கிறதோ அதில்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதில் ஸ்கோப் அதிகம்?
வாசகி, சங்கரன்கோவில்

அந்த ‘ஏதாவது’ என்ற வார்த்தைதான் அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. டயாலிசிஸ், அனஸ்தீசியா, கார்டியாக், ரேடியோகிராபி, ரெஸ்பிரேட்டரி தெரபி என்று பட்டியலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், பெரும்பாலும் மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். ஆனால் உங்கள் மகள் தினமும் எட்டு மணி நேரம் நிற்கப் போகிற அறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

டயாலிசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இப்படியே வருடக்கணக்கில். கையில் ஃபிஸ்துலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடத்தில், விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும், அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியையே எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் ஒரு சிட்டிங்குக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் மெஷின் வழியாக ஓடும், அதனால் ஆர்.ஓ. பிளான்ட் கோளாறானால் அன்றைக்கு மொத்த யூனிட்டும் முடங்கிவிடும். பாதியில் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், அப்போது முதலில் ஓடி வருகிறவர் பெரும்பாலும் டெக்னீஷியன்தான். நோயாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை டெக்னீஷியனுக்கும் வரும். ஒரு நாள் அந்த நாற்காலி காலியாக இருக்கும், அதையும் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு மெஷினைத் தயார் செய்ய வேண்டும். மனிதர்களோடு பேசப் பிடித்த, மனசு கொஞ்சம் கெட்டியான பெண்ணுக்கு நல்ல வேலை.

அனஸ்தீசியா படித்தவர் நிற்கிற ஆபரேஷன் தியேட்டர் இதற்கு நேர் எதிர். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். காலை ஏழு மணிக்கே போய் அனஸ்தீசியா மெஷினில் கசிவு இருக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பல்ப் எரிகிறதா, சக்ஷன் இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பேச்சு குறைவு, கை சுத்தம் முக்கியம்.

உங்கள் மகள் இதில் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஸ்கோப் எல்லாம் அப்புறம். தெரிந்தவர்கள் மூலமாக ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டு, ஒரு நாள் அந்த அறை வாசலில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. இதுவரை பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை நடந்திருக்கிறது. ஆனால் 2021-இல் வந்த மத்தியச் சட்டப்படி இந்தத் துறைக்கென ஒரு தேசிய ஆணையம் அமைந்து பாடத்திட்டத்தையும் சேர்க்கை விதிகளையும் மாற்றிக்கொண்டு வருகிறது, முக்கியமாக பிசியோதெரபியில். அதனால் போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை நம்பாமல் இந்த வருட விளக்கக் கையேட்டை வரிவரியாகப் படியுங்கள்.

எனக்கு ரேடியோகிராபியில் இடம் கிடைத்திருக்கிறது. ‘கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது, யார் கட்டிக்கொள்வான்’ என்று பாட்டி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.
மாணவி, திண்டுக்கல்

முதலில் பாட்டியைச் சாப்பிடச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பேரன். தலைமுடி போனது உண்மை, அது அப்பா வழிச் சொத்து.

எக்ஸ்ரே என்பது ஊதுபத்தி வாசனை மாதிரி அறையில் தங்கி நிற்கிற பொருள் இல்லை. சுவிட்சை அழுத்துகிற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மட்டும்தான் கதிர், விரலை எடுத்தால் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நீங்கள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ‘மூச்சை இழுங்க... பிடிங்க...’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தூரமும் காப்புதான், இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகிவிடும். நெஞ்சில் கதிரை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜ் ஒன்று குத்தியிருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு எடுப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் பட்ட கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அந்த வரம்பு வெகு தூரம். கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுத்தில் சொல்லிவிட்டால், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு மீதி மாதங்கள் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, அதற்கேற்ப டூட்டியை மாற்ற வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிரே கிடையாது.

பயப்பட வேண்டியது அலட்சியத்துக்குத்தான். எங்கள் காலத்தில் பேட்ஜை அலமாரியில் மாட்டிவிட்டு வேலை பார்த்த சீனியர்கள் உண்டு, திமிறுகிற குழந்தையை ஈய ஏப்ரன் இல்லாமல் நானே பிடித்துக்கொண்டதும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏப்ரனை மடித்து வைக்காமல் கம்பியில் தொங்கவிடுங்கள், மடிப்பில் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கிற கேத் லேபிலும், தியேட்டரில் வைக்கிற சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் பக்கத்திலும் நிற்கும்போது கூடுதல் கவனம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கலாம் என்ற ஆசையில் நிறையப் பேர் இதில் சேர்கிறார்கள். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற 1994-ஆம் வருடச் சட்டத்தின்படி அதற்குத் தகுதி பெற்ற டாக்டர்தான் அதைச் செய்யலாம், டெக்னீஷியன் செய்ய முடியாது.

பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு நிறுவனத்தில் இரண்டு வருட லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். இந்த வாரமே நாற்பதாயிரம் கட்டினால் சலுகையாம்.
வாசகர், கரூர்

கட்டாதீர்கள். அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது யார்? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை படுக்கை? முதல் கேள்விக்கு ‘கவுன்சில்’, ‘டெல்லி’ என்று இழுத்தாலோ, இரண்டாவதற்குப் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமைக் காட்டினாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

என்னிடம் ஒரு பையன் வந்தான். பிளாஸ்டிக் உறை போட்ட, தங்க எழுத்துச் சர்டிபிகேட். ரத்தம் எடுப்பதில் கை அவ்வளவு நிதானம், குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீஷியன் பணிக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பிக்கப் போனால் அந்தத் தாள் செல்லவில்லை. வேலை தெரியும், தாள் செல்லாது, இரண்டு வருடமும் அப்பா கடன் வாங்கிய பணமும் போயிற்று.

செலவுதான் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே குறைந்த கட்டணத்தில் டிப்ளமோ, சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறது, அதையும் விசாரியுங்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வழி உண்டா?
மாணவர், ஆவடி

உயிரியல் இல்லாமல் இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வழியில்லை தம்பி. பி.ஃபார்ம் உண்டு, அதற்குக் கணிதம் போதும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பாருங்கள், வென்டிலேட்டர் பழுதானால் எல்லோரும் தேடுகிற ஆள் அவர்தான்.

பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தால் டாக்டரா?
வாசகர், ஓசூர்

இல்லை. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளி விவரம் எடுப்பது, வார்டு ரவுண்ட்ஸ், தியேட்டரில் உதவி இதெல்லாம் செய்யலாம், தனியாகக் கிளினிக் போர்டு மாட்ட முடியாது. இந்தியாவில் இந்தப் படிப்பை 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் ஆரம்பித்தவர் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன்.

அண்ணன் அனஸ்தீசியா டெக்னாலஜி முடித்துவிட்டு, ஒரு ஸ்விக்கி ஆள் சம்பாதிக்கிற அளவுகூட இல்லை என்று புலம்புகிறான். நானும் அதே படிக்கலாமா?
மாணவி, நாகர்கோவில்

அண்ணன் பொய் சொல்லவில்லை. தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் மோசம், பதினைந்தாயிரத்தைத் தொடாமல் சேர்ந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி அனுபவம் சேர்த்தவர்களுக்கு வளைகுடா திறக்கிறது. அதற்கு டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ்ச் சரிபார்ப்பு, அப்புறம் அந்தந்த நாட்டின் லைசென்ஸ் தேர்வு. டேட்டாஃப்ளோவில் கல்லூரிக்கே எழுதிக் கேட்பார்கள், அனுபவச் சான்றில் ஒரு மாதம் கூட்டிப் போட்டிருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே போகிற எண்ணமே இல்லை, உள்ளூரில்தான் வேலை என்றால் வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் எங்களை ஃபைல் தூக்கத்தான் வைக்கிறார்கள்.
மாணவர், தஞ்சாவூர்

தூக்க வைப்பார்கள், தகராறு வேண்டாம். ஆனால் அன்றன்று எந்த மெஷினில் நின்றீர்கள், என்ன செய்தீர்கள் என்று லாக் புக்கில் எழுதிச் சீனியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் அவர் டூட்டி மாறிப் போயிருப்பார்.