எஃப்/8-ஐத் தாண்டாத கேமரா: கோளாறா, இயல்பா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் நிக்கான் பி1000 வாங்கினேன். ஜூம் போடாதபோது அப்பெர்ச்சர் எஃப்/2.8 முதல் எஃப்/8 வரை மாறுகிறது. முழு ஜூமுக்குப் போனால் எஃப்/8-லேயே நின்றுவிடுகிறது. டயலை எந்தப் பக்கம் சுற்றினாலும் எண் அசையவில்லை. நண்பரின் டி.எஸ்.எல்.ஆர். எஃப்/22 வரை போகிறது. குற்றால அருவியைப் பட்டு விரித்தாற்போல எடுக்க எஃப்/16-ஆவது வேண்டும் என்கிறார் அவர். விடியற்காலையில் பறவைகளை எடுத்தால் படம் தெளிவில்லாமல் வருகிறது. சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. அப்பெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. முழு ஜூமில் பி1000-இன் ஆகப் பெரிய துளையும் எஃப்/8, ஆகச் சிறிய துளையும் எஃப்/8. நகர இடமே இல்லாததால்தான் எண் அசையவில்லை.

எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை, முன்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பது அது. அட்டைப் பெட்டியில் 24–3000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அது முழு ஃபிரேம் கேமராவோடு, அதாவது படம் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு இருக்கும் கேமராவோடு, ஒப்பிட்டுச் சொல்வது. உண்மையான குவியத் தூரம் 4.3 மி.மீ.யிலிருந்து 539 மி.மீ. வரைதான். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

539-ஐ 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 67 மி.மீ. உங்கள் லென்ஸில் ஃபில்டர் மாட்டும் வளையம் 77 மி.மீ. ஆக, முழு ஜூமில் லென்ஸ் தன்னால் முடிந்த அளவுக்கு வாயைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அங்கேயும் எஃப்/2.8 வேண்டுமானால் துளை 192 மி.மீ. இருக்க வேண்டும். டிபன் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி! இப்போதே ஒரு கிலோ நானூறு கிராம் எடையுள்ள கேமராவை அப்புறம் யார் தூக்குவது?

ஜூம் இல்லாத நிலையில் கதை நேர்மாறு. 4.3 மி.மீ. குவியத் தூரத்தில் எஃப்/2.8 என்றால் துளை ஒன்றரை மி.மீ. எஃப்/8-ல் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. எஃப்/22 வைத்தால் 0.2 மி.மீ.தான் மிஞ்சும். அவ்வளவு சிறிய துளையை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மூடித் திறப்பது இயந்திரத்துக்குக் கடினமான வேலை. விலை குறைந்த காம்பாக்ட் கேமராக்கள் பலவற்றில் இதனால்தான் துளையை மூடும் இதழ்களே இருப்பதில்லை. வெளிச்சம் அதிகமானால் உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடி குறுக்கே வந்து நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் எஃப்/8-ல் நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் இயந்திரம் அல்ல, ஒளியின் குணம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள். துளை வழியாக வரும் ஒளி ஓரங்களில் சற்றே வளையும். அதனால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும். இங்கிலாந்து வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி 1835-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியதால் ஏய்ரி வட்டு என்று பெயர். பச்சை ஒளிக்கு இந்த வட்டின் விட்டம், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில், எஃப் எண்ணைப்போல் ஏறத்தாழ 1.34 மடங்கு.

உங்கள் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதற்குள் குறுக்காக 4,608 பிக்ஸல்கள். ஒரு பிக்ஸலின் அகலமும் 1.34 மைக்ரான்தான். கணக்கு எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது பாருங்கள்: எஃப் எண் எத்தனையோ, ஒளி வட்டு அத்தனை பிக்ஸல் அகலம். எஃப்/2.8-ல் மூன்று பிக்ஸலுக்குள் அடங்கும். எஃப்/8-ல் எட்டு பிக்ஸலை மூடும். எஃப்/22 இருந்திருந்தால் இருபத்திரண்டு பிக்ஸலில் ஒரு புள்ளி கரைந்துபோயிருக்கும். 16 மெகாபிக்ஸலுக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பெரும்பகுதியைக் கெடுத்துக்கொள்வதற்கு ஒரு பொத்தான் எதற்கு?

இதை நீங்களே பார்க்கலாம். நான் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, ஜூம் போடாமல் எஃப்/2.8, 4, 5.6, 8 என்று நான்கு படம் எடுத்தேன். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது எஃப்/4 வரை ‘ணை’யின் சுழிகள் தனித்தனியாகத் தெரிந்தன. எஃப்/5.6-ல் சற்றுத் தளர்ந்தன. எஃப்/8-ல் மை ஊறிய தாளில் அச்சடித்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து இந்த வகைக் கேமராவில் அகலக் கோணத்தில் எஃப்/4-க்கு மேல் நான் போவதில்லை. முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக வர வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். இவ்வளவு குட்டிச் சென்சாரில் எஃப்/2.8-லேயே, ஒன்றேகால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வந்துவிடும்.

நண்பரின் எஃப்/22-ஐப் பார்த்து ஏங்கவும் தேவையில்லை. உங்கள் சென்சார் மூலைவிட்டத்தில் முழு ஃபிரேமைவிட 5.6 மடங்கு சிறியது. படத்தின் தெளிவிலும், முன்னும் பின்னும் தெளிவாக வரும் ஆழத்திலும் உங்கள் எஃப்/8, முழு ஃபிரேமில் எஃப்/45-க்குச் சமம். அவருடைய கேமரா ஏ.பி.எஸ்.-சி வகையாக, அதாவது முழு ஃபிரேமைவிடச் சற்றுச் சிறிய சென்சார் உள்ளதாக, இருந்தால் அவருடைய எஃப்/22, எஃப்/33-க்குத்தான் சமம். அவர் போகும் தூரத்தைத் தாண்டித்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

சரி, குற்றாலம். அருவி பட்டுபோல விழ வேண்டுமானால் ஷட்டர் அரை வினாடியாவது திறந்திருக்க வேண்டும். துளையைச் சுருக்குவது அதற்கு ஒரு வழி மட்டுமே, இந்தக் கேமராவில் மோசமான வழி. லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் வாங்குங்கள். எஃப்/8-லிருந்து எஃப்/22-க்குப் போனால் ஒளி எட்டில் ஒன்றாகக் குறையும். என்.டி.8 கண்ணாடியும் அதையேதான் செய்கிறது, தெளிவைக் கெடுக்காமல். ஆனால் நான் சொல்வது என்.டி.64. சாரல் காலத்தில் மேகம் மூடியிருக்கும்போது ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/4-ல் ஷட்டர் 1/100 வினாடி வந்தால், என்.டி.64 மாட்டியதும் அரை வினாடிக்கு மேல் கிடைத்துவிடும். உச்சி வெயிலில் இது போதாது, என்.டி.1000 வேண்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 64-ஐ வாங்கி, வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். 77 மி.மீ. அளவு கேட்டு வாங்குங்கள். முக்காலியில் வைத்த பிறகு வி.ஆர். எனப்படும் அதிர்வுத் தடுப்பை அணைத்து, டைமர் வைத்து எடுங்கள். பி1000-க்கு நீர் புகாத பாதுகாப்பு கிடையாது. பேரருவியின் தூறல் பறந்துவரும் இடத்தில் நிற்காமல் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுப்பது நல்லது.

பறவை விஷயம்தான் உண்மையிலேயே கஷ்டமானது. எஃப்/2.8-ஐவிட எஃப்/8-ல் சென்சாரின் ஒவ்வொரு பிக்ஸலிலும் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் விழும். சுள்ளென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/400 வினாடி கிடைக்கும், கவலையில்லை. விடியலில் அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ. 800 வைத்தாலும் 1/200-ஐ எட்டுவது பெரும்பாடு. வேடந்தாங்கல் காவல் கோபுரத்தில் இதைப் பலமுறை அனுபவித்திருக்கிறேன். கூட்டில் அசையாமல் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை தெளிவாக வரும். அது தலையைத் திருப்பிய நொடியில் அலகு இரண்டாகத் தெரியும்.

அதனால் ஜூமை முழுவதும் இழுக்காதீர்கள். பி1000-க்கு முன்பு வந்த நிக்கான் பி900-இன் லென்ஸ் முழு ஜூமான 2000 மி.மீ.யில் எஃப்/6.5, அதன் துளை 55 மி.மீ. உங்களுடையது 3000-இல் 67 மி.மீ. நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது துளையின் விட்டம்தான். ஆக, உருவம் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, ஆனால் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய நுணுக்கம் கால் பங்குகூட இல்லை. மீதியெல்லாம் வெறும் பெரிதாக்கம். இன்று மாலையே கேமராவை எடுத்து, ஜூமை மெல்ல இழுத்துக்கொண்டே திரையில் எஃப் எண் எந்த இடத்தில் மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தாவல் எங்கே வருகிறதோ, மங்கிய வெளிச்சத்தில் அதற்கு முன்னால் நின்றுவிடுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுத்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

விடியற்காலைப் படங்கள்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அடுத்த கேமராவை வேறு மாதிரி தேட வேண்டும். பானசோனிக் எஃப்.இசட்.300-இல் 600 மி.மீ. வரை எஃப்/2.8 குறையவே குறையாது. சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் பதிப்பில் சென்சார் பரப்பளவில் நான்கு மடங்கு பெரிது, முழு ஜூமில் எஃப்/4. இரண்டும் 600-ஓடு நின்றுவிடும். குளத்தின் மறுகரையில் இருக்கும் கூட்டை எடுக்க மீண்டும் உங்கள் பி1000-ஐத்தான் தேடுவீர்கள். அதையும் வெயில் ஏறித் தண்ணீர் மேல் கானல் ஆடத் தொடங்குவதற்குள், ஏழரை எட்டு மணிக்கே எடுத்து முடித்துவிடுங்கள்.