கேளுங்கள், சொல்கிறோம்: ஊருக்குள் ஓர் அமைதி நாள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: பள்ளியிலோ மன்றத்திலோ உலக அமைதி நாள் நடத்துவது எப்படி? பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு கேட்டவர்கள் மன்னிக்கவும். செய்து பார்க்கிற விஷயங்களைக் கேட்டவர்களுக்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

கே: அமைதி நாள் செப்டம்பர் 21 என்கிறார்கள். ஆகஸ்ட் 6, அக்டோபர் 2, அக்டோபர் 24 என்றும் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது? (ஆசிரியை, அரூர்)

ப: நான்கும் வேறு வேறு. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள், 1945-ல் அணுகுண்டு விழுந்த நாள். அக்டோபர் 2 காந்தி பிறந்த நாள், 2007-ல் ஐ.நா. பொதுச்சபை அதை அகிம்சை நாளாக அறிவித்தது. அக்டோபர் 24 ஐ.நா. சாசனம் 1945-ல் நடைமுறைக்கு வந்த நாள். செப்டம்பர் 21-தான் சர்வதேச அமைதி நாள். 1981-ல் அறிவித்தபோது செப்டம்பர் மூன்றாம் செவ்வாய் என்று இருந்தது. பிறகு தேதியை நிலையாக்கி, 2002 முதல் 21-ம் தேதியில் நடக்கிறது. பழைய பொதுஅறிவுப் புத்தகத்தில் 'மூன்றாம் செவ்வாய்' என்று பார்த்துக் குழம்புகிறவர்கள் இன்னும் உண்டு.

பள்ளியில் நடத்துவதென்றால் செப்டம்பர் 21-ல் இரண்டு இடைஞ்சல். காலாண்டுத் தேர்வு அந்த வாரத்தை ஒட்டி வரும். நம் இரண்டு மாவட்டங்களிலும் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். பகலெல்லாம் வெயிலடித்துவிட்டு மாலை நான்கு, ஐந்து மணிக்கு இடியோடு கொட்டும். மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நாற்காலி போட்டால் நனைவது நாற்காலி மட்டுமல்ல, ஆம்ப்ளிஃபயரும்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தோடு சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். உள்ளூர் நேரம் நண்பகல் 12 மணிக்கு ஒரு நிமிட மௌனம் இந்த நாளின் வழக்கம். அதற்குத் தனி மேடை வேண்டாம், மணியடித்தால் போதும்.

கே: ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது காலை 8.15. நாங்கள் மௌனம் அனுசரிக்க வேண்டியது எத்தனை மணிக்கு? (வாசகர் வட்டம், தேன்கனிக்கோட்டை)

ப: ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே 8.15 என்றால் இங்கே விடியற்காலை 4.45. நாகசாகி, ஆகஸ்ட் 9, அங்கே 11.02, இங்கே 7.32. அதே நொடியில் நிற்க ஆசைப்பட்டால் 4.45-க்கு மைக் வைக்க முடியாது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. இருபது பேர் ஏரிக்கரையில் வாய் திறக்காமல் நின்றுவிட்டு வரலாம். அதற்கு மைக் எதற்கு? கூட்டம் வேண்டுமென்றால் நம் கடிகாரத்தில் 8.15-க்கே வைத்துக்கொண்டு, அது ஜப்பானிய நேரத்தின் நினைவு என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதும் நினைவிருக்கட்டும். காவல் நிலையத்தில் மனுவை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். முதல் நாள் மாலை கொண்டுபோய் நின்றால், மறுப்பதற்கு ஒரு காரணத்தை நீங்களே கையில் கொடுத்த மாதிரி.

கே: ஆயிரம் காகிதக் கொக்கு செய்யப் போகிறோம். காகிதம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, எப்படிக் கோப்பது? போன வருடம் முயன்று 300-ல் நின்றுவிட்டது. (நடுநிலைப்பள்ளி, பாலக்கோடு)

ப: 300-ல் நிற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: காகிதம் சரியான சதுரமாக இல்லை. இரண்டு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் கழுத்து வரும்போது நுனி கூடாது. பிள்ளைகள் கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு ஏ4 தாளில் 9.9 சென்டிமீட்டர் சதுரம் ஆறு கிடைக்கும்: நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, ஓரத்தில் ஒரு பட்டை மிச்சம். ஆயிரத்துக்கு 167 தாள். பழகும்போது கெடுவதற்குச் சேர்த்து 200 வாங்குங்கள். கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். அச்சகத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ கட்டிங் மிஷினில் கட்டாக வைத்து வெட்டித் தரச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கலர் பேப்பர் சரி. சார்ட் பேப்பர் தடிமன், மடித்த இடத்தில் வெடிக்கும். செய்தித்தாள் மடிப்பில் நிற்காது. வாரப் பத்திரிகையின் வழுவழுப்பான அட்டைப்பக்கம் அருமையாக மடியும், காசும் இல்லை.

மடிப்பில் பிள்ளைகள் தடுமாறுவது இரண்டு இடத்தில். முதலில் மூலைக்கு மூலை இரண்டு மடிப்பு, பிரித்து, தாளைத் திருப்பிப் போட்டு, பாதிக்குப் பாதி இரண்டு மடிப்பு. திருப்பிப் போடுவதை மறந்தால் தாள் சின்னச் சதுரமாகக் குவியாது, முரண்டு பிடிக்கும். குவிந்த சதுரத்தில் ஒரு மூலை மூடியிருக்கும், எதிர் மூலை நான்கு இதழாகத் திறந்திருக்கும். திறந்த மூலை மடிப்பவரின் வயிற்றைப் பார்த்து இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடிப்பதுதான் முதல் தவறு. இரண்டாவது, இதழைத் தூக்கி வைரம் போல ஆக்கிய பிறகு: ஒரு முனை கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், மற்றது பிளவில்லாமல் இருக்கும். பிளந்த இரண்டு கால்தான் கழுத்தும் வாலும். பிளவில்லாதது இறக்கை. கழுத்தை வெளியே மடிக்காமல், இரண்டு பக்கத் தாளுக்கு நடுவே உள்ளுக்குள் திருப்பி மேலே தூக்க வேண்டும். கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னால் ஏறாது. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பெரிய கொக்கைப் பிள்ளைகள் முன்னால் மடித்துக் காட்டுங்கள்.

முதல் கொக்குக்குக் கால் மணி நேரம் ஆகும், பத்தாவது ஐந்து நிமிடத்தில் வரும். 50 பிள்ளைகள், ஆளுக்கு 20. ஒரே நாளில் உட்கார வைத்தால் விரல் வலித்து வெறுத்துப்போகும்; நான்கு வகுப்பு வேளையாகப் பிரியுங்கள், ஒரு வேளைக்கு ஐந்து. எண்ணிக்கையைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கோப்பது 25 சரம், சரத்துக்கு 40. ஒன்றரை மீட்டர் நூலை இரட்டையாக்கி, அடியில் சட்டைப் பித்தானோ மணியோ கட்டி, கொக்கின் வயிற்றடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு முதுகு நுனியில் எடுங்கள். அடியில் பித்தான் இல்லாவிட்டால் கீழ்க்கொக்கு கிழிந்து சரம் முழுவதும் சரிந்துவிடும். இறக்கையை முழுதாக விரிக்காமல் கோத்தால் அடுக்கு அழகாக விழும்.

ஹிரோஷிமாவுக்கு அனுப்பவும் செய்யலாம். தபாலில் வரும் கொக்குகளை அந்த மாநகராட்சி ஏற்றுக் குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னத்தில் வைக்கிறது. 75 ஜிஎஸ்எம் தாளானால் ஆயிரம் கொக்கின் எடை முக்கால் கிலோதான்.

ஒரு திருத்தம். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையில் நோய்ப்படுக்கையில் மடித்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகி 644 கொக்கோடு இறந்தாள், மீதியைத் தோழிகள் முடித்தார்கள் என்று மேடையில் சொல்கிறார்கள். அது கதைப்புத்தகத்தில் வந்த வடிவம். இரண்டு வயதில் கதிர்வீச்சுக்கு உள்ளாகி 1955 அக்டோபர் 25-ல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த அந்தச் சிறுமி, ஆயிரத்தைத் தாண்டி மடித்திருந்தாள். மடித்தும் பிழைக்கவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

கே: ஆகஸ்ட் 6 மாலை ஏரியில் விளக்கு மிதக்கவிடலாமா? தெர்மாகோல் வாங்கிவிட்டோம். (இளைஞர் மன்றம், காவேரிப்பட்டணம்)

ப: தெர்மாகோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எட்டு அங்குலப் பாக்குமட்டைத் தட்டு போதும். இரண்டு, மூன்று மணி நேரம் தாராளமாகத் தாங்கும். நடுவில் களிமண் உருண்டை வைத்து அகல் விளக்கை அழுத்துங்கள். மெழுகுவத்தியைவிட அகல் நல்லது, அதன் கனமே தட்டைக் கவிழாமல் பிடிக்கும். சுற்றிலும் நான்கு மூங்கில் குச்சி நட்டு, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பட்டர் பேப்பர் சுற்றுங்கள். மைதாப் பசை ஈரத்தில் விட்டுவிடும், நூலால் கட்டுங்கள். மேலே திறந்தே இருக்கட்டும், கீழே இரண்டு ஓட்டை. காற்று போகாவிட்டால் சுடர் மூச்சுத்திணறி அணையும்.

ஆகஸ்டில் நம் பக்கம் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருக்கும், பொழுது சாய்ந்த பிறகே தணியும். ஆறரைக்கு முன் ஏற்ற வேண்டாம். தட்டுகளைத் தனித்தனியாக விடாமல் 15 மீட்டர் கயிற்றில் பத்துப் பத்தாகக் கோத்து, மேற்குக் கரையிலிருந்து விடுங்கள். காற்றே உள்ளே தள்ளும், கயிறு விறைப்பாக நிற்கும், முடிந்ததும் இழுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை ஏரியில் குப்பை மிதந்தால் அடுத்த வருடம் உங்களை அந்தக் கரையில் யாரும் விடமாட்டார்கள்.

ஏரி ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், இரவில் கரையில் ஆள் நடமாட்டம் பார்த்தால் அவர் சும்மா இருக்கமாட்டார். வண்டல் மண் எடுத்த குழிகள் கரையோரமே ஆளை விழுங்கும் ஆழத்தில் இருக்கும். பிள்ளைகள் கணுக்காலளவுகூட இறங்கக் கூடாது. ஒகேனக்கல்லில் இதைச் செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: மேடையில் பல நாட்டுக் கொடிகளோடு நம் கொடியை எங்கே வைப்பது? நடுவிலா? (தொழிற்சங்க நண்பர், ஓசூர்)

ப: நடுவில் இல்லை. கொடிகள் வரிசையின் நடுவில் ஒருவர் பார்வையாளர்களைப் பார்த்து நின்றால் அவருடைய வலது கோடியில் நம் தேசியக் கொடி. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இடது கோடியாகத் தெரியும். 'வலது' என்று படித்துவிட்டுப் பார்வையாளர் பக்கத்து வலதில் நட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. மற்ற நாடுகள் ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில்: வங்கதேசம், பூட்டான், ஜப்பான், நேபாளம், இலங்கை. எல்லாம் ஒரே அளவு, தனித்தனிக் கம்பம். நம் கொடியை முதலில் ஏற்றி, கடைசியில் இறக்க வேண்டும். தோரணமாகக் கட்டக் கூடாது.

பிள்ளைகள் வரையும் கொடிகளில் பிழை வரும் இடங்கள்: சிவப்பு மேலே, வெள்ளை கீழே இருந்தால் இந்தோனேசியா, புரட்டினால் போலந்து. வங்கதேசத்தின் சிவப்பு வட்டம் நட்டநடுவில் இல்லை, கம்பத்தின் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். நேபாளக் கொடி செவ்வகமே இல்லை. செவ்வகமாக அச்சடித்துத் தந்த கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

கே: வெள்ளைப் புறா பறக்கவிடலாமா? பலூன்? (மத்தூர்)

ப: இரண்டும் வேண்டாம். வாடகைக்கு வரும் வெள்ளைப் புறா கூண்டில் வளர்ந்தது. பருந்துக்கும் பூனைக்கும் அன்று மாலையே இரை. ஹீலியம் விலை அதிகம், அதனால் திருவிழாப் பலூனில் பெரும்பாலும் அடைப்பது ஹைட்ரஜன். குத்துவிளக்கு எரிகிற மேடைக்குப் பக்கத்தில் அந்த சிலிண்டரை நிறுத்துவது அமைதி விழா அல்ல.

கே: சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் விழாவுக்கு 25,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். மன்றம் பதிவு செய்யப்பட்டது. வாங்கலாமா? (ஊத்தங்கரை)

ப: அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் மன்றம் வாங்கக் கூடாது. ஊருக்கு வந்திருக்கும்போது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். சங்கப் பதிவுச் சான்றிதழ் இதற்கு உதவாது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதன் முதல் பக்க நகலையும் வங்கி வரவையும் ரசீதுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.

கே: பேச்சாளர் கிடைக்கவில்லை. காந்தி, புத்தரைத் தவிர எங்கள் ஊர்ப்பக்கத்தில் சொல்ல என்ன இருக்கிறது? (பென்னாகரம்)

ப: அருகிலேயே இரண்டு இருக்கிறது. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962 செப்டம்பரில் வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியை நேரில் பார்த்த காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராஜாஜி. அப்போது வயது 83. பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். வீடு இன்று நினைவு இல்லம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் மாஸ்கோவில் பகுதி அளவிலான அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தத் திண்ணையருகே பத்து நிமிடம் சொன்னால் மேடைப் பேச்சு தேவையில்லை.

இன்னொன்று தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன புறநானூற்றுக் காட்சி. இங்கே ஆயுதங்கள் மயிலிறகும் மாலையும் சூடி நெய் பூசிக் காவலில் பளபளக்கின்றன, அங்கே அதியமானிடமோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலக் கேலி. ஐந்து பிள்ளைகள், எட்டு நிமிட நாடகம். அட்டையில் ஈட்டி இரண்டு வகை செய்யுங்கள், ஒன்றில் காகித மயிலிறகு, ஒன்றில் முனை முறிந்தது. சபை சிரிக்க வேண்டிய இடத்தில் ஔவையாராக நடிக்கும் பிள்ளை சிரிக்கக் கூடாது, ஒத்திகையில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

கே: வடமாநிலத் தொழிலாளர்களும் வருவார்கள். பேனரில் எத்தனை மொழி போடுவது? (ஓசூர்)

ப: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா, வங்கம் போதும். தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா, வங்கம் ஐந்திலும் சொல் 'சாந்தி'தான், எழுத்து மட்டும் மாறும். உருதுவில் 'அமன்'. பிரச்சினை ஃப்ளெக்ஸ் கடையில் வரும்: அந்தக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் கூட்டெழுத்து உடைந்து உதிரி உதிரியாக அச்சாகும், உருது இடமிருந்து வலமாகப் புரண்டுபோகும். ஒவ்வொரு மொழிக்காரரிடமும் பெரிதாகக் கையால் எழுதி வாங்கி, படமாகக் கொடுங்கள். அச்சுக்கு முன் மாதிரியை அவரிடமே காட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அனுமதி எண்ணுக்குப் பேனரின் அடியில் இடம் விட மறக்காதீர்கள்.