ஆரம்பப் பள்ளி வகுப்பறையின் போர்டுகளையும் சுவர்களையும் எப்படி அலங்கரிக்கலாம்?

இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இப்போதுதான் சேரப் போகிறீர்கள், வகுப்பில் மூன்று சாஃப்ட் போர்டும் ஒரு நீளமான பக்கச் சுவரும் காலியாக இருக்கின்றன, பள்ளி திறக்கும் முன் அவற்றை அழகாக நிரப்ப யோசனை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசனைகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் பள்ளி திறக்கும் முன் நிரப்பிவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்டுக்குத் துணி கட்டுங்கள், ஓரத்தில் பார்டர் ஒட்டுங்கள், தலைப்பை எழுதி வையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் பிள்ளைகள் கையால் வரட்டும்.

பல ஆண்டுகளாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவருகிறேன். ஆசிரியர் ராத்திரி கண்விழித்து வெட்டி ஒட்டிய போர்டைப் பிள்ளைகள் முதல் நாள் ஆசையாகத்தான் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அது அங்கே இருப்பதே அவர்கள் கண்ணில் படாது. அதே போர்டில் தாங்கள் வரைந்த ஒரு சின்னத் தாள் இருந்தால் மாதக் கடைசியிலும் போய் நின்று பார்ப்பார்கள், பக்கத்து வகுப்புத் தோழியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவார்கள். ஒரு போர்டு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இடைவேளையில் அதன் முன்னால் யாராவது நிற்கிறார்களா?

அதிகமாக ஒட்டினால் பாடமும் கெடும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறையப் படம் ஒட்டிய அறையிலும், மற்ற பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்தினார்கள். படம் ஒட்டிய அறையில் பிள்ளைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் ஏறக்குறைய 39 சதவீதம், வெறும் சுவர் அறையில் 28 சதவீதம். பாடம் முடிந்ததும் கேட்ட கேள்விகளில் முதல் அறையில் 42 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், இரண்டாவது அறையில் 55 சதவீதத்துக்கு.

சரி, அப்படியானால் எதையும் ஒட்ட வேண்டாமா? அதுவும் இல்லை. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 27 ஆரம்பப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளைப் பார்த்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெறிச்சென்று இருக்கும் அறையும் பிள்ளைகளுக்கு உதவுவதில்லை, கண்ணைப் பறிக்கும் அறையும் உதவுவதில்லை, நடுவில் நிற்பதே நல்லது என்பது அவர்கள் கண்டது. சுவர்ப் பரப்பில் 20 முதல் 50 சதவீதத்தைக் காலியாக விடச் சொல்கிறார்கள். நான் இதை வகுப்புக்கு ஏற்ப ஒரு எளிய வழக்கமாக வைத்திருக்கிறேன். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் முகம் எந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறதோ, அந்தச் சுவரில் அன்றைய பாடத்துக்குத் தேவையானது மட்டும் இருக்கும். வண்ணமும் படமும் பக்கச் சுவருக்கும் பின் சுவருக்கும் போகட்டும். ஜன்னல் கண்ணாடியில் மட்டும் எதையும் ஒட்டவேண்டாம். வெளிச்சம் போனால் அப்புறம் எந்த அலங்காரமும் எடுபடாது.

அடுத்து உயரம். பெரியவர்கள் நின்றுகொண்டு ஒட்டுவதால் எல்லாமே பெரியவர்கள் கண்ணுக்கு நேராகப் போய்விடுகிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை சராசரியாக 115 முதல் 120 சென்டிமீட்டர் உயரம், கண் அதற்கும் பத்து சென்டிமீட்டர் கீழே. ஆகவே கிட்டே போய்ப் படிக்கவேண்டியது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கவேண்டும். போர்டை மேலே மாட்டிவிட்டார்கள் என்றால் அதில் தலைப்பும் பெரிய படங்களும் இருக்கட்டும், அதற்குக் கீழே சுவரில் ஒரு கயிறு கட்டி, பிள்ளைகள் தொடும் சங்கதிகளை அங்கே வையுங்கள். தூரத்திலிருந்து படிக்கவேண்டிய எழுத்துக்கு மூன்று மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐந்து சென்டிமீட்டர் எழுத்து வேண்டும். அலங்கார எழுத்து வேண்டாம், பிள்ளைகள் எழுதிப் பழகும் அதே வடிவத்தில் தடிமனாக எழுதுங்கள். பளபளப்பான லேமினேஷனும் எனக்குப் பிடிக்காது. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, ஒரு மூலையில் இருப்பவர்களுக்கு எதுவுமே தெரியாமல் போகும்.

பின்னணிக்குச் சார்ட் பேப்பரை விடத் துணி நல்லது. வெயில் பட்டால் சார்ட் சீக்கிரம் வெளுக்கும், பின் குத்திய ஓட்டைகளும் தெரியும். மங்கலான ஒரே நிறத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் வருடம் முழுக்கத் தாங்கும், மேலே வைக்கும் எந்தப் படமும் எடுப்பாகத் தெரியும்.

இப்போது போர்டுகளுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று வைக்க இடம் இருந்தால் நான் வைப்பது கேள்வி போர்டு. 'எங்களுக்குத் தெரிய வேண்டியவை' என்று ஒரு தலைப்பு, பக்கத்தில் ஒரு பையில் வெற்று அட்டைகள், ஒரு நூலில் கட்டிய பென்சில். பிள்ளைக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதிக் குத்தலாம். எழுத வராதவர்கள் படமாக வரையலாம், நண்பனிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். 'நிலா ஏன் நம்ம கூடவே வருது?', 'எறும்பு தூங்குமா?', 'பூஜ்யத்துக்கு முன்னாடி என்ன நம்பர்?' போன்ற கேள்விகள் வரும். நீங்கள் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், அதுதான் இதில் கஷ்டமான பகுதி. வாரத்துக்கு ஒரு கேள்வியை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும். புத்தகத்தில் பார்த்தோ, வீட்டில் கேட்டோ, தாங்களே கவனித்தோ கண்டதை இன்னோர் அட்டையில் எழுதி, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு நூலைக் கட்டுவார்கள். சில கேள்விகளுக்கு மூன்று பதில் அட்டைகள் வந்து நிற்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அப்போது நடக்கும் பேச்சை எந்தப் பாடத்திட்டத்தாலும் வரவழைக்க முடியாது. எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தவேண்டாம், பிள்ளைகள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது போர்டில் கணக்கு தானாக வளரட்டும். தினமும் காலையில் ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்துவிட்டு வெயில், மேகம், மழை என்ற மூன்று வரிசைகளில் ஒன்றில் ஒரு சதுரத் தாளை ஒட்டும். மாதக் கடைசியில் அதுவே பட்டை வரைபடம் ஆகிவிடும். போன மாதத்து வரைபடத்தையும் எடுக்காமல் பக்கத்திலேயே விடுங்கள், ஒப்பிடுவதில்தான் கணக்கு இருக்கிறது. இந்த வயதில் பால் பற்கள் விழும், அதையும் இப்படிக் கணக்கெடுக்கலாம். யாருக்காவது பல் விழுந்தால் அந்த மாதத்துக் கட்டத்தில் ஒரு வெள்ளைத் தாள் பல் ஒட்டவேண்டும். பெயர் போடாதீர்கள், இன்னும் ஒரு பல்லும் விழாத பிள்ளை வாடிப்போகும். 'எந்த மாதம் அதிகம், எத்தனை அதிகம்' என்று நீங்கள் கேட்கும் முன்பே அவர்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவது, பிள்ளைகளின் வேலையை வைக்கும் இடம். ஆசிரியர் வெட்டிக் கொடுத்த ஒரே அச்சு வண்ணத்துப்பூச்சியை முப்பது பேர் முப்பது நிறத்தில் தீட்டி மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தூரத்திலிருந்து அழகாகத் தெரியும். ஆனால் எந்தப் பிள்ளை என்ன யோசித்தது என்று அதில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் ஒரே பிள்ளையின் முதல் முயற்சியையும் கடைசி முயற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கீழே அந்தப் பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள்: 'முதல்ல கால் எத்தனைனு பாக்காம வரைஞ்சிட்டேன், அப்புறம் போய் எண்ணினேன்.' இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளில், லோரிஸ் மலாகுட்சி என்ற கல்வியாளர் வளர்த்தெடுத்த முறையில், சுவர்களுக்கு இதுதான் முக்கிய வேலை. பிள்ளைகள் பேசியது, தடுமாறியது, செய்து முடித்தது எல்லாம் படத்தோடும் குறிப்போடும் அங்கே இருக்கும்.

யாருடைய வேலையை வைப்பது என்பதை முடிந்தவரை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நீளச் சுவரில் ஒரு கயிறு கட்டி, பெயர் எழுதிய துணிக் கிளிப் ஆளுக்கு ஒன்று மாட்டிவிடுங்கள். எதைத் தொங்கவிடுவது, எப்போது மாற்றுவது என்பது அவரவர் விருப்பம். நன்றாக வரைபவர்களுடையது மட்டும் சுவரில் இருந்து, மற்றவர்களுடையது அலமாரியில் தூங்குவது இதனால் நிற்கும்.

அதே சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், 0 முதல் 100 வரை ஓர் எண்கோடு ஓடட்டும். விரலை வைத்துத் தாவித்தாவிக் கூட்டிப் பார்க்க முடிந்தால்தான் அதனால் பயன். சொற்களை அட்டையில் எழுதி ஒட்டும் சொற்சுவர் வைத்தால் முன்கூட்டியே அச்சடித்து நிரப்பாமல், பாடத்தில் வந்த சொல்லை அன்றன்று சேருங்கள். பின்னால் வெல்க்ரோ ஒட்டினால் பிள்ளை அதைப் பிய்த்து மேசைக்கு எடுத்துப்போய்ப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்ப ஒட்டலாம்.

மதிப்பெண், நட்சத்திரம், நடத்தை என்று பெயர்ப்பட்டியல் மாட்டுவது வேண்டவே வேண்டாம். யார் கடைசி என்பதை அந்தப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும், மற்றவர்களும் பார்ப்பார்கள். முன்னேற்றத்தை அவரவர் நோட்டிலேயே காட்டலாம். பிறந்தநாள் சார்ட் வைத்தால் விடுமுறையில் பிறந்தவர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்கும் அட்டவணைகளில் வடிவத்தையும் சேருங்கள், வட்டம், முக்கோணம் என்று. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளில் சிலருக்கு, அந்த இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அது வீட்டிலும் தெரிந்திருக்காது.

தீ விஷயத்தையும் மறக்காதீர்கள். கதவு, மின் சுவிட்ச், விளக்கு, மின்விசிறி இவற்றின் அருகே தாள் தொங்கக்கூடாது. தெர்மாகோல் அலங்காரம் சட்டென்று தீப்பிடித்து உருகும், கரும்புகையும் கிளப்பும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 101 என்ற தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, தீயணைப்புத் தெளிப்பான் இல்லாத பள்ளிக் கட்டடத்தில் சுவரில் நேராக ஒட்டும் தாள்கள் சுவர்ப் பரப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. உங்கள் கட்டடத்துக்கு என்ன விதி என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன சால்ஃபோர்டு கணக்கை விட அந்த விதிதான் முக்கியம்.

மாற்றுவதற்குத் தேதி குறிக்கவேண்டியதில்லை. ஒரு போர்டின் முன்னால் யாரும் நிற்காத நாள் வந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றிய படங்களைக் குப்பையில் போடாமல் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள்.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்: மூன்று போர்டிலும் துணியும் தலைப்பும், எண்கோடு, பெயர் எழுதிய கிளிப்புகள். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத்தானே வரையட்டும், அதைத் தன் கிளிப்பில் தானே மாட்டட்டும். கேள்வி போர்டில் முதல் அட்டையை மட்டும் நீங்கள் குத்துங்கள், உங்களுக்கே உண்மையில் விடை தெரியாத ஒரு கேள்வியாக.