ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும்?

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்றவை குடலைக் கெடுக்கும் நோய், என்று தெரிந்து எட்டு மாதமாகிறது. கோதுமையை அடியோடு நிறுத்தினோம். வயிற்றுப்போக்கு நின்று எடையும் கூடியிருக்கிறது. இப்போது வீட்டில், “அதான் சரியாகிவிட்டதே, ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும்?” என்கிறார்கள். அவளுக்கென்று தனிச் சல்லடை, தனிக் கரண்டி வைத்திருப்பதில் அம்மாவுக்கு வருத்தம். நாங்கள்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமா? மகளுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை, நீங்கள் செய்வது சரி. அந்த ஒரு வாயைத் தவிர்த்ததால்தான் அவர் தேறியிருக்கிறார்.

எனக்கும் இதே நோய், 11 ஆண்டுகளாக. அதற்கு முன் நான்கு வருடம் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன், ஏறவே இல்லை. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தால் உடம்பில் எது ஒட்டும்? ஆனால் வயிறு ஒருநாளும் வலித்ததில்லை. அதனால் வலியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். குடலைக் கெடுக்கும் கோதுமைப் புரதம் அதுதான். தினம் வெறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே குடலில் சேதம் தெரிந்தது. அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்குதான் அது!

பழைய சல்லடையைக் கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலை வளையத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது மாவு. மரக்கரண்டியின் வெடிப்பிலும் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரம் நன்றாகத் தேய்த்தால் போதும், அதைப் பிரிக்க வேண்டாம். அம்மாவிடம் வாதாடாமல் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். மருமகளை யாரும் ஒதுக்கவில்லை, மாவைத்தான் ஒதுக்குகிறோம் என்று அவருக்கே புரியும்.

கடையில் வாங்கும்போது ‘கோதுமை இல்லை’ என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். பார்லியிலும் ரை தானியத்திலும் இதே வில்லங்கம் உண்டு. மால்ட் என்றிருந்தால் பெரும்பாலும் பார்லிதான். ‘குளூட்டன் இல்லாதது’ என்பதற்குச் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

கோதுமைதான் காரணம் என்பதை 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவர் சொன்ன பத்தியம்தான் இன்றும் மருந்து.

மகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் ரத்தப் பரிசோதனையை அவள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டிவிடக்கூடும். முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.