அதே பாதை, வேறு வெயில் – ஒரு கடிதம்

வணக்கம்.

போன கோடையில் 30 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். முதல் இருபது கிலோமீட்டர் பிரமாதமாகப் போனது. அப்புறம் குமட்டல், தலைவலி. இறக்கங்களில் தொடைகள் ஒத்துழைக்கவே இல்லை. கடைசிப் பத்து கிலோமீட்டர் பெரும்பாலும் நடைதான், அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பாதை தெரிந்துவிட்டதால் அரை மணி நேரமாவது குறைக்கலாம் என்று நினைக்கிறேன். தினமும் விடியற்காலையில் ஓடுகிறேன். போன தடவை தண்ணீர் போதவில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும்? உப்பு மாத்திரை உதவுமா? வலி மாத்திரை ஒன்று பையில் இருக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடும் அரை மணி நேரம் அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் இருக்கிறது. நடந்த இடத்தில் மெல்லோட்டமாக, கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் என்று போனாலே கணக்கு சரியாகிவிடும். ஆனால் பாதை தெரிந்தவர்கள் இதை முதல் பத்திலேயே வசூலிக்கப் பார்ப்பார்கள். "போன வருடம் இந்த ஏற்றத்துக்கு இவ்வளவு நேரம்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பாதை அதேதான், ஆனால் வெயிலும் ஈரப்பதமும் அதே அளவில் இருக்கும் என்று யார் சொன்னது? போன வருட நேரங்களைக் கையில் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகிறது, மீதி சூடாகிறது. அந்தச் சூட்டை முக்கியமாக இறக்குவது வியர்வை. அதுவும் தோலிலேயே காய்ந்தால்தான் பலன். சொட்டிப்போன வியர்வையால் ஒரு பயனும் இல்லை. மலைப்பாதையின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் உழைப்பு அதிகம், வேகமோ குறைவு. சமதளத்தில் நம் ஓட்டமே உண்டாக்கித் தரும் காற்றும் அங்கே கிடைக்காது. அதனால் வெட்டவெளி ஏற்றங்களில் நடந்துவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, முன்வரிசை ஆட்களும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். சூடு ஏறினால் ரத்தம் தோலுக்கும் தசைக்கும் பங்கு போய் வயிற்றுக்குக் குறைந்துவிடும். உங்கள் குமட்டலுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இனி தண்ணீர். உங்கள் நண்பர்கள் சொல்வது சரியாக இருக்கலாம், நேரெதிராகவும் இருக்கலாம். தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் இதே குமட்டலும் தலைவலியும்தான் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு அளவில்லாமல் குடித்தால் அது காப்பாற்றாது. எனவே மணிக்கு இத்தனை மில்லி என்று நான் சொல்லப் போவதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் குடித்ததையும் சேர்த்துக்கொண்டால், ஒரு கிலோ குறைவு என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. உங்கள் அளவு என்னவென்று அதில் தெரிந்துவிடும். இழந்த நீர் முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, ஆனால் எடை கூடவே கூடாது.

விடியற்காலை ஓட்டம் கால்களுக்கு நல்லது, ஆனால் வெயிலுக்குப் பழக அது போதாது. வெயில் பழக்கம் முழுதாக வர பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறையும். பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும், ஆகவே போன கோடையில் சேர்த்தது இப்போது உங்களிடம் இல்லை. பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓட்டத்தை வெயில் நேரத்துக்கு மாற்றுங்கள். ஒரு மணி நேரம் போதும், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். முதல் நாள் அரை மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். தனியாகப் போகாதீர்கள்.

தொடைக்கும் மருந்து உண்டு. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, வலி அதனால்தான். நல்ல இறக்கத்தில் ஒரு நாள் ஓடிவிட்டால் இரண்டு நாள் படியிறங்கவே முடியாது. ஆனால் ஆறியபின் அதே தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு சேதப்படாது. இரண்டு மூன்று வாரம் முன்பே அதை முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம்.

அப்படியானால் பாதை தெரிந்ததால் பயனே இல்லையா? உண்டு. எந்த ஏற்றத்தில் நிழல் கிடையாது, ஓடை எங்கே குறுக்கிடுகிறது, தண்ணீர் மேசைகள் எந்த வளைவில் இருக்கின்றன, அங்கெல்லாம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொப்பியையும் கழுத்துத் துணியையும் வெட்டவெளி ஏற்றத்துக்கு முன்னால் நனையுங்கள், முடித்தபின் அல்ல. கலிஃபோர்னியாவில் கோர்டி ஐன்ஸ்லீ 1974-இல் 100 மைல் குதிரைப் பந்தயத்தில் குதிரையில்லாமல் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். கடும் வெயில். அவரும் திரும்பி வந்தவர்தான், அதற்கு முன் அதே பாதையில் குதிரை மேல் போயிருந்தார். இன்றைய வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற 100 மைல் ஓட்டப் பந்தயம் அதிலிருந்துதான் பிறந்தது.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உதவிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அங்கேயே குளிர்ந்த நீரில் உடலை நனைத்துக் குளிர்விக்கத் தொடங்குங்கள். தூக்கிக்கொண்டு போவது அப்புறம். உங்களுக்கே அப்படி ஆனால் உங்களுக்குத் தெரியாது, அதனால் சக ஓட்டக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வலி மாத்திரை வேண்டாம். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அது ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். பையில் அந்த இடத்தில் இன்னொரு கழுத்துத் துணி வையுங்கள்.