ஆய்வக எலிக்குக் கொடுக்கும் இரையைக் குறைத்தால், கற்றதை மறந்துவிடுமா?

மறக்காது. வழி நன்றாகவே தெரியும், போகத்தான் மனசு வராது.

1942-இல் லியோ கிரெஸ்பி என்ற உளவியலாளர் வெள்ளை எலிகளை ஒரு நீண்ட ஓடுபாதையில் ஓடவிட்டார். கோடியில் இரை. சிலவற்றுக்கு 256 துணுக்கு, சிலவற்றுக்கு 16. நிறைய வாங்கியவை வேகமாக ஓடின, அதில் அதிசயமில்லை. அப்புறம் அவற்றுக்கும் 16தான் என்றாக்கினார். வேகம் 16 வாங்கும் எலிகளின் அளவோடு நிற்காமல், அதற்கும் கீழே போய்விட்டது. அதுவும் சட்டென்று. கற்ற பழக்கமே தேய்வதாக இருந்தால் மெல்ல மெல்ல அல்லவா குறைய வேண்டும்? பரிசின் அளவுதான் பழக்கத்தின் வலிமை என்று 1943-இல் எழுதிய உளவியலாளர் கிளார்க் ஹல்கூட, பிற்பாடு அதை ஊக்கத்தின் கணக்கில் மாற்றி வைத்தார்.

எங்க ஆச்சி வீடு அம்பாசமுத்திரம் பக்கம். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றிய கழனித்தண்ணியில் பழகிய மாடு, வெறும் கழனி வைத்த அன்று மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதே கழனியைப் பக்கத்து வீட்டு மாடு உறிஞ்சித் தள்ளும். "ருசி கண்டுட்டுல்லா, இனி வெறுந்தண்ணி இறங்குமா?" என்பாள் ஆச்சி. கிரெஸ்பி கண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

எனக்குப் பிடித்தது 1928-இல் டிங்கிள்பா என்ற ஆய்வாளர் செய்த குரங்குச் சோதனை. குரங்கு பார்த்திருக்க, கிண்ணத்துக்கு அடியில் வாழைப்பழத்தை ஒளித்தார். பிறகு அதற்குத் தெரியாமல் பழத்தை எடுத்துவிட்டு லெட்டூஸ் என்ற கீரையின் இலையை வைத்தார். குரங்கு சரியான கிண்ணத்தைத்தான் தூக்கியது. இலையைத் தொடவில்லை, சுற்றிலும் தேடியது, சில சமயம் நின்றிருந்தவர்களைப் பார்த்துக் கத்தியது. மற்ற நேரத்தில் அதே இலையைத் தின்கிற குரங்குதான்.

இந்தக் கோபம் நிரந்தரமில்லை. 32 சதவீதச் சர்க்கரைநீரிலிருந்து 4 சதவீதத்துக்கு இறக்கப்பட்ட எலிகள் சில நாளில் சமாதானமாகிவிடும். பதற்றம் தணிக்கும் குளோர்டயசெபாக்சைடு மருந்து கொடுத்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் முதல் நாளில் அந்த மருந்து எடுபடாது, இரண்டாம் நாளில்தான் வேலை செய்யும். முதலில் தேடல், ஏமாற்றம் அதற்கப்புறம் என்று இதைப் படிக்கலாம். எனக்கு அது சரியாகப் படுகிறது.

எல்லாப் பிராணிக்கும் இது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். 1967-இல் வந்த ஆய்வில் தங்கமீனுக்கு 40 புழுவை 4 ஆக்கிப் பார்த்தார்கள். அது பாட்டுக்குப் பழையபடியே நீந்தி வந்தது. முதுகெலும்பே இல்லாத தேனீயோ, சர்க்கரைநீரின் அடர்த்தியைக் குறைத்தால் முரண்டு பிடிக்கிறது.