காட்டுத்தீ பார்க்க கோபுரம் கட்டாமல் மரத்தில் ஏன் ஏறினார்கள்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெம்பர்டன் ஊரில் உள்ள 'குளோஸ்டர் மரம்' பற்றிய கேள்வி இது. கோபுரம் கட்டுவதென்றால் முதலில் உயரமான குன்று வேண்டும். அந்தத் தென்பகுதிக் காட்டில் அப்படிப்பட்ட குன்றுகள் குறைவு. மரங்களோ 60, 70 மீட்டர் வளர்பவை. கர்ரி என்பார்கள், நம் ஊட்டி யூகலிப்டஸுக்கு நெருங்கிய சொந்தம். சரி, மரத்தையே கோபுரமாக்கிவிடலாம் என்று 1937 முதல் 1952 வரை எட்டு மரங்களில் காவல் கூண்டு அமைத்தார்கள்.

குளோஸ்டர் மரத்தைச் சோதித்தவர் ஜாக் வாட்சன் என்ற வனத்துறைக்காரர். அடிமரத்தின் சுற்றளவே 7.3 மீட்டர். காலில் முள் வைத்த பூட்ஸ், இடுப்பில் ஒரு பெல்ட், அவ்வளவுதான். 58 மீட்டர் ஏறி இறங்க ஆறு மணி நேரம் ஆனதாம். பாதிக்கு மேல் குறுக்கே வரும் கிளை ஒவ்வொன்றையும் அந்த பெல்ட்டோடு தாண்டியாக வேண்டும். நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அப்புறம் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் கிளைகளை வெட்டி, தண்டைச் சுற்றி முளையடித்து ஏணியாக்கினார். 1947இல் உச்சியில் மரக்கூண்டு தயார். வேலை நடக்கும்போது வந்து பார்த்த கவர்னர் ஜெனரல் குளோஸ்டர் கோமகனின் பெயரே மரத்துக்கும்.

மேலே இருப்பவர் புகையைக் கண்டால் அது எந்தத் திசையில், எத்தனை டிகிரியில் என்று அளந்து சொல்வார். இன்னொரு காவலிடமும் அதே புகையின் திசையைக் கேட்டு, வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் இடத்தில் தீ.

பின்னாளில் அந்த வேலையை விமானங்கள் எடுத்துக்கொண்டன. பழைய கூண்டை 1973இல் பிரித்துவிட்டு, பார்வையாளர்களுக்காக எஃகும் அலுமினியமுமாகப் புதிதாகக் கட்டினார்கள்.